குடியை நிறுத்தக் கூட்டம் எதற்கு?

மாணவர்களே, உங்கள் மாமா இனிப்புநீர் நோய்க்காக மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகிறார் என்றால் யாரும் சிரிப்பதில்லை. அதே மாமா, "குடியை நிறுத்த ஒரு கூட்டத்துக்குப் போகிறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். "உட்கார்ந்து பேசினால் குடி நின்றுவிடுமா? மனசு வைத்தால் தானாக நிற்கும்" என்று நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். இந்தப் பேச்சு தவறு என்கிறேன். நான் சொல்வதைவிட, அறிவியல் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

முதலில், 'மனசு வைத்தால் போதும்' என்பது சரியா? நம் மூளையில் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் காபா. அவற்றைத் தூண்டிவிடுவது குளூட்டமேட். மது, காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டின் வேலையை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் குடிப்பவரின் மூளை இதை ஈடுகட்டத் தன்னையே மாற்றிக்கொள்கிறது. அந்த நிலையில் மது திடீரென நின்றால் தூண்டல் மட்டும் ஓங்கும். கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர், நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள போத்தல்களை ஒரே இரவில் கொட்டிவிட்டு அவரை அறைக்குள் பூட்டுவது வைத்தியம் ஆகாது.

மருத்துவர் உதவியுடன் உடல் தேறச் சில நாள்கள் போதும். அதன் பிறகுதான் கடினமான பகுதி. சம்பள நாள் வரும், கல்யாண விருந்து வரும், பழைய நண்பர்கள் அழைப்பார்கள். பழகிய இடமும் பழகிய முகமும் குடிக்கும் ஆசையை மீண்டும் கிளப்பும். இந்த இடத்தில்தான் கூட்டம் உதவுகிறது.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தார்கள். குடியால் அவதிப்பட்ட ஒருவர் அதே அவதியில் இருக்கும் இன்னொருவரிடம் மனம் திறந்து பேசினால் இருவருமே குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதைக் கண்டார்கள். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அப்படித்தான் பிறந்தது.

இது வெறும் ஆறுதல் பேச்சா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2020இல் 27 ஆய்வுகளை அலசியது. அவற்றில் பங்கேற்றவர்கள் 10,565 பேர். இந்தக் குழுவில் சேர வழிகாட்டும் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பிறகு மதுவைத் தொடாமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் அது 35 விழுக்காடு. நட்பு வட்டம் மாறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குடிக்கக் கூப்பிடும் நண்பர்கள் குறைந்து, குடிக்காமல் இருக்கத் துணை நிற்பவர்கள் கூடுகிறார்கள்.

42 என்பது 100 அல்ல, உண்மைதான். சிலர் மீண்டும் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். கடவுள் நம்பிக்கை கலந்த பேச்சு சிலருக்கு ஒத்துவராது. அவர்களுக்கு 'ஸ்மார்ட் ரிகவரி' போன்ற வேறு குழுக்கள் உண்டு. ஒரு மருந்து எல்லாருக்கும் ஒத்துவரவில்லை என்பதற்காக அதை மருந்தே இல்லை என்று சொல்வோமா?

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மலேசியா என்று இணையத்தில் தேடினால் நாள், நேரம், இடம் தெரியும். என்ன மொழியில் பேசுவார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். வெளியே போகத் தயங்குபவருக்கு இணையவழிக் கூட்டங்களும் உண்டு. 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தாரும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கு மட்டும். கட்டணம் இல்லை. முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டு இருந்தாலே போதும்.

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒருவர் குடித்தால் அதற்கு நீங்கள் காரணம் இல்லை. அவரைக் குணப்படுத்துவதும் உங்கள் பொறுப்பு இல்லை. முகவரியைத் தேடித் தரலாம், மற்றொரு பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லலாம். போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. குடிப்பவர்களின் பிள்ளைகளுக்கென்றே 1957 முதல் 'அலட்டீன்' என்ற குழு இயங்குகிறது. பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பேசலாம். வீட்டில் அடிதடி, பயம் என்றால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழையுங்கள்.

உங்களால் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. தெரிந்த ஒருவர் அத்தகைய கூட்டத்துக்குப் போவதைப் பார்த்தால் அதைப் புலனக் குழுவில் போடாதீர்கள். கேலி செய்யாதீர்கள். அந்த வாசல்வரை வருவதற்கே அவர் பல மாதங்கள் தயங்கியிருக்கலாம். உங்கள் ஒரு சிரிப்பு அவரைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.