சத்தம் உண்டு, சொல் எங்கே?

ஹோம் தியேட்டர் வந்து இறங்கிய முதல் வாரம் வீட்டில் திருவிழாதான். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்கிறது. குண்டு வெடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. இரண்டாவது வாரத்தில் ரிமோட் கைமாறத் தொடங்குகிறது. கதாநாயகி பேசும்போது சத்தத்தைக் கூட்டு, சண்டை வந்தால் குறை, பாட்டு வந்தால் இன்னும் குறை. மூன்றாவது வாரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் "என்ன சொன்னான்?" என்று கேட்பதை நிறுத்திவிடுகிறார். கொஞ்ச நாளில் படம் பார்க்க வந்து உட்காருவதும் நின்றுபோகிறது. பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய கருவி, குடும்பத்தில் ஒருவரைக் கூடத்திலிருந்து வெளியேற்றிவிட்டது.

இந்தச் சிக்கலைப் பற்றிப் பேசுவதற்கு மைசூருவைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை என்றே சொல்லலாம். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி, 1935-இல் 30 வாட் ஒலிபரப்பிக் கருவி ஒன்றை வைத்துத் தன் வீட்டிலிருந்தே வானொலி நிலையம் நடத்திய ஊர் இது. 'ஆகாசவாணி' என்று அந்த நிலையத்துக்கு அமைந்த பெயரைப் பின்னாளில் அகில இந்திய வானொலியே சூடிக்கொண்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1965-இல், இதே ஊரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மானசகங்கோத்ரியில் இயங்கும் இந்த மத்திய அரசு நிறுவனத்தின் அன்றாட வேலையே ஒரு கேள்விக்கு விடை காண்பதுதான்: காதில் விழுந்த ஒலி எப்போது சொல்லாகிறது, எப்போது வெறும் சத்தமாகவே நின்றுவிடுகிறது?

செவித்திறன் சோதனைக்கு அங்கே போகிறவருக்கு இரண்டு வகைச் சோதனைகள் நடக்கும். முதல் வகையில், ஒலி புகாத அறையில் உட்காரவைத்து 'பீப்' ஒலிகளை எழுப்பி, எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்று அளக்கிறார்கள். இரண்டாவது வகையில் சொற்களை ஒலிக்கவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். அந்தச் சொற்கள் சோதனைக்கு வந்தவரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். அந்த மொழியின் ஒலிகள் எந்த அளவில் புழங்குகின்றனவோ அதே அளவில் பட்டியலிலும் அமைய வேண்டும். கன்னடத்துக்கு மட்டுமன்றித் தமிழுக்கும் இத்தகைய சொற்பட்டியலை உருவாக்கும் ஆய்வு 1970களிலேயே மைசூரில் நடந்தது. முதல் சோதனையில் நன்றாகத் தேறுகிற சிலர் இரண்டாவதில் தடுமாறுகிறார்கள். கேட்பது வேறு, புரிவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதன் காரணம் பேச்சின் அமைப்பிலேயே இருக்கிறது. பேச்சின் வலிமையில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, உயிரொலிகளில் இருக்கிறது. சொல்லைச் சொல்லாக அடையாளம் காட்டும் மெய்யொலிகளின் தடயங்களோ பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலும், சகரம் போன்ற உரசொலிகளில் அதற்கும் மேலும் இருக்கின்றன. முத்து, முட்டு, முக்கு என்ற மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். உயிர் ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான். நாக்கு எந்த இடத்தைத் தொட்டு விலகியது என்பதைக் காட்டும், விநாடியில் நூற்றில் சில பங்கே நீடிக்கும் மெல்லிய தடயத்தை வைத்துத்தான் காது மூன்றையும் பிரிக்கிறது. அது அழிந்தால் முத்து முட்டாகிவிடும்.

பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. அதில் 'பாஸ்' என்று சொல்லத்தக்கதே கிடையாது. ஆனாலும் ஊர்விட்டு ஊர் கல்யாணப் பேச்சே அதில் நடந்தது. ஹோம் தியேட்டரில் தலைகீழ். தரையை அதிரவைக்கும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. ஓங்கி ஒலிக்கும் தாழ்ந்த சுருதி, தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மறைக்கும். உயர்ந்த சுருதி கீழே உள்ளதை அவ்வளவாக மறைப்பதில்லை. காதின் இயல்பு அது. சப்வூஃபரைக் கூட்டக் கூட, மெய்யெழுத்துகள் முதலில் பலியாகின்றன.

இன்னொரு காரணம் படத்தின் ஒலித்தடம். திரையரங்கில் திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. வசனம் அங்கிருந்துதான் வருகிறது. இடமும் வலமும் போதாது, நடுவிலும் ஒன்று வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. 1933-இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகம், ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசையை மூன்று தடங்களில் வாஷிங்டனுக்கு அனுப்பி, மேடையில் மூன்று ஸ்பீக்கர்களில் ஒலிக்கச் செய்தது. 1990களில் டால்பியும் டிடிஎஸ்ஸும் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது ரசிகர்கள் பேசியதெல்லாம் சுற்றிவரும் சத்தத்தைப் பற்றித்தான். நடு ஸ்பீக்கரைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டில் வரும் 5.1 முறையிலும் வசனத்தின் பெரும்பகுதி அந்த நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது.

திரையரங்குக்கான ஒலிக்கலவையில் மெல்லிய வசனத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடையே 30 டெசிபல் இடைவெளி இருப்பது சகஜம். 30 டெசிபல் என்றால் ஒலித்திறனில் ஆயிரம் மடங்கு. அமைதியான பெரிய அரங்கில் அது நாடகம். மின்விசிறி ஓடும் கூடத்தில் அது தொல்லை. அக்கம்பக்கத்தாருக்காகச் சத்தத்தைக் குறைத்தால், ரகசியம் பேசும் காட்சி முழுவதும் மின்விசிறிக்கு அடியில் போய்விடுகிறது. புதுத் தட்டை டிவி மட்டுமே உள்ள வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பழைய பெட்டி டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் பார்ப்பவரை நோக்கி இருந்தது. இன்றைய டிவி மெலிந்துபோனதால், பலவற்றில் அது தரையையோ சுவரையோ பார்த்துப் பேசுகிறது.

பரிகாரங்களைச் செலவில்லாதவற்றிலிருந்து தொடங்கலாம். முதலில், நடு ஸ்பீக்கர் உண்மையிலேயே ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் நடு ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, அதன் வயர் கழன்றிருந்தால் இசை இருக்கும், வசனம் காணாமல் போகும். இரண்டே ஸ்பீக்கர் உள்ள வீட்டில் அமைப்புப் பட்டியலில் 5.1 என்பதை விட்டு 'ஸ்டீரியோ' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் நடுத் தடத்தின் வசனம் இரண்டு பக்கமும் முறையாகப் பகிரப்படும்.

அடுத்து, மொத்தச் சத்தத்தைக் கூட்டாமல் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் கூட்டிப் பார்க்கலாம். ஒலித்திறன் அதில் மட்டும் இரட்டிப்பாகும். வெடிச்சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். கூடவே சப்வூஃபரை இரண்டு மூன்று டெசிபல் குறைப்பது நல்லது. நடு ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று குறித்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை சப்வூஃபருக்கு விட்டுவிட்டால் அதன் சுமை குறையும். 'நைட் மோட்' என்றோ 'டைனமிக் ரேஞ்ச்' என்றோ பெயரிட்ட வசதி, உரத்ததைத் தாழ்த்தி மெல்லியதை உயர்த்தும். ஒலி ரசிகர்கள் அதை இழிவாகப் பார்ப்பார்கள். வசனம் புரிய வேண்டியவர்கள் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, இடம். நடு ஸ்பீக்கரை ஷோகேஸின் அடித்தட்டில் ஆழத் தள்ளி, முன்னால் பொம்மைகளை வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பெட்டிக்குள் பெட்டியாக அது குடத்துக்குள் பேசுவதுபோல் பேசும். தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து, உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கிச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். படுக்கைவாட்டில் இரண்டு கூம்புகளும் நடுவே ஒரு ட்வீட்டரும் கொண்ட ஸ்பீக்கர்களில், பக்கவாட்டில் உட்காருகிறவருக்குக் குரலின் ஒரு பகுதி தேய்ந்துபோகும். குடும்பத்தில் காது மந்தமானவர் ஓரத்து நாற்காலியில் உட்காருவதுதான் வழக்கம். அவரை நடுவில் உட்காரவைப்பது மலிவான மருந்து. சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்துவதும் அப்படியே. மூலை அதன் அதிர்வைப் பெருக்கும்.

நான்காவது, அறை. இதற்குத்தான் நம் வீடுகளில் யாரும் கணக்குப் போடுவதில்லை. 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவே புரியாத ஓர் அரங்கத்தைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் வந்தது. ஒரு சொல் அங்கே ஐந்தரை விநாடிவரை ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பேசுபவர் பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தாண்டிவிடுவார். பக்கத்து அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவு நேரங்களில் சுமந்துவந்து போட்டு, எத்தனை திண்டுக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று அவர் அளந்தார். கட்டட ஒலியியலின் முதல் சூத்திரம் அதிலிருந்து பிறந்தது: அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் அளவால் வகுத்தால் எதிரொலி நேரம் கிடைக்கும்.

மைசூரு வீட்டுக் கூடம் ஒன்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 5 மீட்டர், அகலம் 4, உயரம் 3. கன அளவு 60. சிமெண்ட் பூச்சு, சிவப்பு ஆக்சைடு அல்லது கிரானைட் தரை, கான்கிரீட் கூரை என்று சுமார் 94 சதுர மீட்டர் பரப்பு. இது ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கை உறிஞ்சினால் 4.7 சதுர மீட்டர். எதிரொலி சுமார் 2 விநாடி. வசனம் தெளிய அரை விநாடி அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு 19 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை. ஒரு சுவர் முழுவதும் மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை போட்டால் ஆறு ஏழு கிடைக்கும். துணி சோபாவும் அதில் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து ஐந்து. தரையில் தடித்த ஜமுக்காளமோ கம்பளமோ விரித்தால் இரண்டு. கிட்டத்தட்டக் கணக்கு நேராகிவிடுகிறது. தோராயக் கணக்குதான், ஆனால் புது ஸ்பீக்கரின் விலையையும் திரைச்சீலையின் விலையையும் ஒப்பிட அது போதும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர்களுக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மைசூருவிலோ மும்பையிலோ டெல்லியிலோ இருப்பவர்கள் கன்னடத்திலும் மராத்தியிலும் இந்தியிலும் படம் பார்க்கிறார்கள். தாய்மொழியில் பாதி கேட்டாலே மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். பிற்பாடு கற்ற மொழியில் அந்த வசதி குறைவு; அதே இரைச்சலில் அதிகச் சொற்கள் நழுவும். "எனக்குக் கன்னடம் அவ்வளவு வராது" என்று ஒதுங்கும் அம்மாவுக்கு உண்மையில் குறுக்கே நிற்பது மின்விசிறியும் வெற்றுச் சுவரும் மட்டுமாக இருக்கலாம். எழுத்து வசனத்தைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவருக்கு மட்டும் வசனம் புரியவில்லை என்றால் குறை கருவியில் இல்லை. வயதால் வரும் செவிக் குறைபாடு உயர்ந்த சுருதியில்தான் தொடங்குகிறது, அதாவது மெய்யெழுத்துகளில். அதனால்தான் அவர்கள் "கேட்கவில்லை" என்று சொல்வதில்லை. "எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்" என்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் "காதைப் பிளக்கிறது" என்று அவர்களே எரிச்சல்படுவார்கள். இது பிடிவாதம் அல்ல; மெல்லியது கேட்காமலும் உரத்தது பொறுக்காமலும் போவது அந்தக் குறைபாட்டின் குணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதுக்கு மேற்பட்டோரில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவிக் குறைபாடு இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் தனிமையும், மறதி நோய்க்கான வாய்ப்பும் கூடுவதாக 2017 முதல் லான்செட் இதழின் நிபுணர் குழு சொல்லிவருகிறது. நாற்பதில் மூக்குக் கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள், எழுபதில் செவிக்கருவிக்கு வெட்கப்படுகிறார்கள்.

இளையவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது அதே நிறுவனம் வகுத்த வரம்பு. வசனத்துக்காக மொத்தச் சத்தத்தையும் ஏற்றும் வீடு, இன்றைய வசனத்தை நாளைய காதைக் கொடுத்து வாங்குகிறது.

மைசூருவின் சொற்பட்டியல் முறையை வீட்டிலும் ஓரளவு செய்து பார்க்கலாம். தெரியாத படம் ஒன்றின் ஐந்து நிமிடக் காட்சியைப் போட்டு, வீட்டார் எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டு, அவரவர் வழக்கமான இருக்கையிலிருந்து வசனங்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லோரும் தடுமாறினால் ஸ்பீக்கரையும் அறையையும் கவனியுங்கள். ஒருவர் மட்டும் தடுமாறினால் கடைக்காரரிடம் போவதற்கு முன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போங்கள். செவித்திறன் சோதனைக்கு அவர் வழிசொல்வார். புது ஸ்பீக்கர் வாங்கும் முடிவு அதற்குப் பிறகு இருக்கட்டும்.