விளையாட்டுக் கணினியும் வீட்டுக் கணக்கும்

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. வீடு கட்டுவோர்க்கும் விவாகம் செய்விப்போர்க்கும் சொல்லப்பட்டுவந்த இம்மொழி, இக்காலத்திற் கணினி அமைக்க விரும்பும் மாணவர்க்கும் சாலப் பொருந்துவதாகும். பரீட்சை முடிந்து ஓய்வு கிடைத்ததும், விளையாட்டுகள் தடையின்றி ஓடக்கூடிய கணினி ஒன்றைத் தம் கையாலேயே பொருத்திவிட வேண்டும் என்னும் ஆவல் இளைஞர் பலர்க்கு எழுகின்றது. தந்தையோ, "இவ்வளவு பணத்தையும் விளையாட்டிலா போடுவது?" என்று தயங்குகின்றார். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆகவே, சிறு தொகையைக் கொண்டு முதற் கணினியை அமைப்போர் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கலாகாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

கடைக்குச் சென்றதும் பெரும்பாலோர் கேட்பது, "எந்தப் புரொசெசர் சிறந்தது?" என்பதாகும். இது தலைகீழான முறை. முதலில் முடிவு செய்ய வேண்டியது திரையை. சாதாரணமாக விற்கப்படும் மொனிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்ற கணக்கில் ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் ஒளிப்புள்ளிகள் உள்ளன. விளையாட்டு இடறாது ஓடுவதற்கு ஒரு செக்கனில் 60 படங்கள் தோன்ற வேண்டும் என்று கொண்டால், கணினியானது ஒவ்வொரு செக்கனிலும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறந்தீட்டுகின்றது. '4கே' எனப்படும் திரையிலோ புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. திரை பெரிதாகவும் நுட்பமாகவும் ஆக, அதற்குத் தீனி போடும் பொறியின் விலையும் ஏறுகின்றது. எனவே, கைப்பணம் குறைந்தவர் 1080 திரையோடு திருப்தியடைதல் நன்று. இந்த ஒரு தீர்மானமே மற்றெல்லாச் செலவையும் கட்டுக்குள் வைக்கும்.

இனி, திரையின் விலை நீங்கலாகப் பெட்டிக்கென ஒதுக்கிய பணத்தை நூறு ரூபாவாகப் பாவனை செய்வோம். அதிற் கிராபிக்ஸ் அட்டைக்கு 36 ரூபா, புரொசெசருக்கு 15, தாய்ப்பலகைக்கு 12, ராம் எனப்படும் நினைவகத்துக்கு 14, சேமிப்பகத்துக்கு 9, பவர் சப்ளைக்கு 9, கேசிங்குக்கு 5 என்று பங்கிடலாம். இது கல்லில் எழுதிய விதியன்று. விலைவாசிக்கேற்ப ஒன்றிரண்டு ரூபா இடம் மாறலாம். ஆயினும், ஒரு பங்கை இரட்டிக்க விரும்புபவர் அப்பணம் எந்தப் பங்கிலிருந்து வருகின்றது என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

கிராபிக்ஸ் அட்டைக்கு ஏன் சிங்கப் பங்கு? விளையாட்டில் ஒவ்வொரு காட்சியிலும் என்ன நிகழ வேண்டும் என்று கணக்கிடுவது புரொசெசர். அதனைப் படமாகத் தீட்டுவது கிராபிக்ஸ் அட்டை. விருந்திலே சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர் என்பதைப் போன்றது இது. பத்து அடுப்பில் உணவு வெந்தாலும் பரிமாற ஒரே ஆள் நின்றாற் பந்தி காத்துக்கிடக்கும். பெரும்பாலான விளையாட்டுகளில் அதிக உழைப்பு தீட்டுபவர்க்கே. 1080 திரைக்கு 2021ஆம் ஆண்டு வெளிவந்த ரேடியன் ஆர்.எக்ஸ். 6600 நல்ல உதாரணம். அதனிடம் 8 ஜிகாபைட் நினைவகம் உண்டு. அது கேட்கும் மின்வலுவோ 132 வாற்று மாத்திரமே. புதிய விளையாட்டுகளைக் கருதுவோர் 8 ஜிகாபைட்டுக்குக் குறைந்த அட்டையைத் தவிர்ப்பது நலம்.

பாவித்த அட்டையை வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. வாங்கலாம், ஆனால் ஓட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் எத்தீரியம் என்னும் மின்னாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதனை உற்பத்தி செய்வதற்காக இரவு பகலாக உழைத்த அட்டைகள் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. அரை மணி நேரம் விளையாட்டொன்றை ஓட்டி, திரையிற் கோடுகள் விழுகின்றனவா, விசிறிகள் முனகுகின்றனவா என்று நோக்காமற் பணத்தை நீட்டலாகாது.

புரொசெசரையும் தாய்ப்பலகையையும் தனித்தனியே தெரிவது பெரும் பிழை. இரண்டும் பூட்டும் சாவியும் போன்றவை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 பலகை டி.டி.ஆர். 4 நினைவகத்தை மட்டுமே ஏற்கும்; 2022இல் வந்த ஏ.எம். 5 பலகை டி.டி.ஆர். 5 ஐ மட்டுமே ஏற்கும். முன்னது மலிவு, பின்னது வருங்காலத்திற் புதிய புரொசெசரை ஏற்க இடந்தருவது. சிறு தொகைக்கு ஏ.எம். 4 இல் ரைசன் 5 5600 போன்ற ஆறு கருக்கள் உடைய புரொசெசர் போதுமானது. இன்டெல் புரொசெசரின் பெயர் ஈற்றில் 'எப்' என்னும் எழுத்து இருப்பின், அதனுள்ளே படந்தரும் பகுதி இயங்காது என்பது பொருள். அதற்குத் தனிக் கிராபிக்ஸ் அட்டை இன்றியமையாதது.

நினைவகம் 16 ஜிகாபைட் வேண்டும். அதனை ஒரே துண்டாக வாங்காது, 8 ஜிகாபைட் துண்டுகள் இரண்டாக வாங்கினால் இரு வழியாலும் தரவு பாயும்; வேகம் கூடும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை சடுதியாக ஏறியது. ஆதலால், பழைய விலைப்பட்டியலை நம்பித் திட்டமிடுதல் கூடாது. சேமிப்பகத்துக்கு எஸ்.எஸ்.டி. வகையே உகந்தது. அது படங்களின் எண்ணிக்கையைக் கூட்டாவிடினும், விளையாட்டு திறக்குமளவும் காத்திருக்கும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும்.

இப்போது, கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு வருவோம். மின்சாரத்தை வாங்கி ஏனைய உறுப்புகளுக்குப் பகிர்ந்தளிப்பது பவர் சப்ளை. அது படத்தை அழகாக்குவதில்லை, வேகத்தைக் கூட்டுவதுமில்லை. ஆகையாற் சிக்கனத்தின் கத்தி முதலில் அதன்மீதே விழுகின்றது. இதுவே பெருந்தவறு. மலிவான புரொசெசர் மெதுவாக ஓடும், அவ்வளவே. மலிவான பவர் சப்ளையோ பழுதடையும்போது தாய்ப்பலகையையும் அட்டையையும் தன்னோடு கூட்டிச் செல்லக்கூடும். ஒன்பது ரூபாவில் நான்கை மிச்சம் பிடிக்கப்போய் நூறையும் இழப்பதா?

இதற்குப் பெரிய வலு தேவையில்லை என்பதையும் கவனிக்க. மேற்கூறிய அட்டைக்கு 132 வாற்று, புரொசெசருக்கு உச்சமாக 90 வரை, மற்றவற்றுக்கு 50 என்று கூட்டினால் 270 வாற்று அளவே வரும். நம்பத்தகுந்த 500 அல்லது 550 வாற்றுப் பவர் சப்ளை தாராளமாகப் போதும். பெட்டியின்மேல் '80 பிளஸ்' என்ற முத்திரை இருத்தல் நன்று. எனினும், அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமற் பயன்படுகின்றது என்பதை அளப்பதேயன்றிப் பாதுகாப்பை அளப்பதன்று. எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இடி மின்னல் வேளையிற் செருகியைக் கழற்றிவிடுதல் யாவர்க்கும் நன்று.

அப்படியாயின் எங்கே மிச்சம் பிடிப்பது? வானவில் விளக்குகளில், கண்ணாடிக் கேசிங்கில், ரைசன் 5 5600 உடன் பெட்டியிலேயே குளிர்விசிறி வருவதால் தனி விசிறியில், விலையுயர்ந்த விசைப்பலகையில். இவை இன்றியும் விளையாட்டு ஓடும்.

நூறு ரூபாவும் ஒரே தடவையில் திரளாத குடும்பங்களும் உள. அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி போன்ற, படந்தரும் பகுதியைத் தன்னுள்ளே கொண்ட புரொசெசரோடு தொடங்கலாம். பாரமில்லாத விளையாட்டுகள் அதில் ஓடும்; பாடவேலைகளோ குறையின்றி நடக்கும். ஓராண்டு சென்று பணம் சேர்ந்தபின் அட்டையை மாட்டலாம். அதற்கும் தொடக்கத்திலேயே நல்ல பவர் சப்ளை வாங்கியிருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்திற் பல கடைகள் இருப்பதால் விலைகளை ஒப்பிடுதல் எளிது. எங்கே வாங்கினும் பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துக. அட்டையின் நீளம் கேசிங்குக்குள் அடங்குமா என்று முன்னரே அளந்து கொள்க. பொருத்தி முடிந்தபின் மொனிட்டரின் வடத்தைத் தாய்ப்பலகையிற் செருகாது கிராபிக்ஸ் அட்டையிலேயே செருகுக. இதனை மறந்து, வாங்கிய அட்டை வேலை செய்யவில்லையே என்று கலங்குவோர் அநேகர்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. விளையாட்டை ஓட்டும் இதே பெட்டிதான் கட்டுரை எழுதவும், நிரலாக்கம் பயிலவும், வரைபடம் வரையவும் உதவுவது. பிள்ளை கேட்டவுடன் பணத்தைக் கொடுப்பதும் அழகன்று. கேட்டவுடன் மறுப்பதும் அழகன்று. "ஏழு பொருளுக்கும் விலை எழுதிக் கொண்டுவா, ஒவ்வொன்றையும் ஏன் தெரிந்தாய் என்று சொல்" என்று கேளுங்கள். அவன் அல்லது அவள் பளபளப்புக்கு நான்கு ரூபாவைக் குறைத்து, யார் கண்ணுக்கும் தெரியாத பவர் சப்ளைக்கு அதனைக் கொடுத்திருப்பாராயின், அப்பிள்ளையின் கையிற் பணத்தை நம்பிக் கொடுக்கலாம்.