பழைய காரின் தானியங்கிக் கியர்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் குடும்பத்திற்கு உழைத்த கார் ஒரு நாள் கிளம்பத் தயங்குகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், "கியர்பெட்டி போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்னும் தீர்ப்பு வருகிறது. அதற்காகும் செலவோ, சில வேளைகளில் அந்தக் காரை விற்றால் கிடைக்கும் தொகையையே நெருங்கிவிடும். பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கிய பணத்தில் கைவைக்குமுன், குறை எங்கே என்று நாமே ஓரளவு கண்டறிய இயலாதா? இயலும் என்பதே நம் விடை.

தானே கியர் மாற்றும் பெட்டி புதுமையன்று. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களின் 1940ஆம் ஆண்டு மாதிரியிலேயே 'ஹைட்ராமேட்டிக்' என்னும் பெயரில் அது வந்துவிட்டது. இன்று அதில் வகைகள் பல. டார்க் கன்வெர்ட்டர் உடையது ஒன்று. கப்பிகளும் பட்டையும் கொண்ட சி.வி.டி. மற்றொன்று; சாதாரணக் கியர்பெட்டியையே கருவிகளால் இயக்கும் ஏ.எம்.டி. வேறொன்று. 2014இல் மாருதி செலேரியோ வாயிலாக இந்தியாவில் அறிமுகமானது இம்மூன்றாம் வகையே. நம் கார் எவ்வகை என்பதைக் கையேட்டில் பார்த்தறிதல் முதற்படி. இங்கு நாம் முதல் வகையைப் பற்றியே பேசுவோம்.

இவ்வகையில் எஞ்சினின் விசையைக் கியர்பெட்டிக்குக் கடத்துவது எண்ணெய். கிளட்ச் தகடுகளை இறுக்கிப் பிடிப்பதும் அவ்வெண்ணெயின் அழுத்தமே. ஆகவே மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் நாம் முதலில் எண்ணெயைப் பார்த்தல் வேண்டும். காரைச் சில கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, நெம்பை 'பி'யில் வைத்து அளவுகோலை எடுக்கலாம். எஞ்சின் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதைக் கையேடு சொல்லும். அளவுகோலே இல்லாத கார்களும் உண்டு. அவற்றைப் பட்டறையில்தான் பார்க்க இயலும்.

எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். புதிய எண்ணெய் பெரும்பாலும் தெளிந்த சிவப்பாயிருக்கும். கரும்பழுப்பாகித் தீய்ந்த நாற்றம் வீசினால், கிளட்ச் தகடுகள் சூடேறித் தேய்ந்திருக்கலாம். பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாயிருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்திருக்கக் கூடும். அந்நிலையில் காரை ஓட்டவே கூடாது. எண்ணெய் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்பதே பொருள். ஏனெனில் இவ்வெண்ணெய் எரிந்து தீர்வதில்லை.

அடுத்து, கார் காட்டும் குறிகள். 'டி'யில் இட்டபின் நெடுநேரம் கழித்தே கார் நகர்ந்தால், எண்ணெய்க் குறைவையோ, வயதாகி இறுகிப்போன ரப்பர் அடைப்புகளையோ ஐயுறலாம். எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. ஒரே கியரில் சிக்கி மந்தமாய் ஓடினால், காரின் கணினி பெட்டியைக் காக்க அவ்வாறு கட்டுப்படுத்தியிருக்கலாம். ஸ்கேன் கருவியால் குறியெண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 'பி 0700' என்பது கியர்க் கட்டுப்பாட்டில் குறை உண்டு என்று மட்டுமே சொல்லும். உடன் வரும் மற்ற எண்ணே இடத்தைக் காட்டும். சில வேளைகளில் குறை ஒரு சென்சாரிலோ, சொலினாய்டு வால்விலோ, அறுந்த கம்பியிலோ முடிந்துவிடும்.

நெம்பு 'பி'யை விட்டு வர மறுத்தால் அஞ்ச வேண்டா. பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்சோ ஃபியூஸோ பழுதாயிருக்கலாம். அது சிறு செலவு. நலிந்த பேட்டரியும், தளர்ந்த எஞ்சின் தாங்கியும், கெட்ட ஸ்பார்க் பிளக்கும்கூடக் கியர்க் கோளாறுபோல் வேடமிடும் என்பதை மறவாதீர்கள்.

செய்யத் தகாதவை சில. கையேடு கூறாத எண்ணெயை ஊற்றுதல் ஆகாது. கார் முற்றிலும் நிற்குமுன் 'ஆர்'இலிருந்து 'டி'க்கு மாற்றுதல் ஆகாது. தள்ளிக் கிளப்பவும் இயலாது. எண்ணெயை அழுத்தும் பம்பு எஞ்சின் சுழன்றால்தான் இயங்கும். பழுதுற்ற காரை, இயங்கு சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்வதும் கேடு.

பட்டறையில் மூன்று வினாக்களைத் தயங்காது கேளுங்கள்: "கணினியில் எந்த எண் வந்தது? எண்ணெய் அழுத்தத்தை அளந்தீர்களா? அடித்தட்டைக் கழற்றியபோது காந்தத்தில் என்ன இருந்தது?" மெல்லிய சாம்பல்நிறப் பசை ஓரளவு இருப்பது இயல்பு, உலோகத் துண்டுகள் இருந்தால் உள்ளே உடைவு உண்டு. இவற்றுக்கு விடை கூறாமல், பெட்டியையே மாற்றச் சொல்பவரிடம் விடைபெற்று, இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுவதே அறிவுடைமை.

தேய்வு உண்மையாயின் அதையும் ஏற்கத்தான் வேண்டும். லாரியை முந்தும் வேளையில் நழுவும் காரில் மனைவி மக்களை ஏற்றிச் செல்வது சிக்கனம் ஆகாது. விற்பதானாலும் குறையைச் சொல்லியே விற்போம். வாங்குபவருக்கும் ஒரு குடும்பம் உண்டன்றோ?