உடன்குடி கருப்பட்டி முதல் குலசை ராக்கெட் வரை: காதில் விழும் வாதங்களை எடை போடுவது எப்படி?

"கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, இனி பனையேறிகளுக்கு நல்ல காலம்தான்."

"அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சா கரண்ட் கட்டே இருக்காது."

"ராக்கெட் தளம் வருது, நம்ம பசங்களுக்கு வேலை ரெடி."

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடி பக்கம் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால், இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழும். இதே பேச்சு கொஞ்சம் சட்டை மாற்றிக்கொண்டு அரசியல் பேட்டியிலும், கம்பெனி அறிக்கையிலும், வாட்ஸ்அப் ஃபார்வர்டிலும் வருகிறது. மூன்றுமே முழுப் பொய் கிடையாது. எடை போடுவது கஷ்டமாக இருப்பதும் அதனால்தான்.

வங்கித் தேர்வுக்கோ, யுபிஎஸ்சி சிசாட் தாளுக்கோ, கேட் தேர்வுக்கோ படிக்கிறவர்களுக்கு இது பழக்கமான வேலை. நாலு வரியில் ஒரு வாதத்தைக் கொடுத்து, 'இதில் சொல்லாமல் விட்ட அனுமானம் எது? எந்தத் தகவல் இந்த வாதத்தைப் பலவீனமாக்கும்?' என்று கேட்பார்கள். தேர்வில் தப்பாக டிக் அடித்தால் மார்க் போகும். உடன்குடியில் தப்பாக நம்பினால் நிலமும் கடனும் பிள்ளையின் படிப்பும் மாட்டிக்கொள்ளும்.

முறை ரொம்ப எளிது. முதலில் முடிவு எது, காரணம் எது என்று பிரிக்கணும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதை மூட, பேசுகிறவர் சொல்லாமலே ஒன்றை நம்பியிருப்பார். அந்த நம்பிக்கையைக் கண்டுபிடித்து, 'அது அப்படி இல்லைன்னா?' என்று கேட்கணும். வாதம் பொலபொலவென்று சரிந்தால், தூண் அதுதான்.

குறியீடு வந்தால் காசு வருமா?

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் கிடைத்தது, ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-ல் கிடைத்தது. இதில் மாவட்டத்துக்குப் பெருமைதான், சந்தேகமில்லை.

இப்போது வாதத்தைப் பிரிப்போம். காரணம், குறியீடு கிடைத்தது. முடிவு, பனையேறியின் வருமானம் கூடும். நடுவில் இருக்கும் பள்ளம் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் அதில் குறைந்தது மூன்று படி இருக்கிறது.

முதல் படி சட்டம். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு பொருளுக்குக் குறியீடு பதிவாவது ஒரு வேலை. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையோடு ஒரு உற்பத்தியாளர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று பதிவு செய்துகொள்வது இன்னொரு வேலை. சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகத்தில் இதற்குத் தனியாக விண்ணப்பிக்கணும். ஆக, 'ஊருக்கு குறியீடு கிடைச்சாச்சு' என்பதும் 'இந்த விடிலியில் காய்ச்சுகிறவர் கையில் அந்த உரிமை இருக்கு' என்பதும் ஒன்றல்ல. அந்தப் பயனர் பட்டியலில் எத்தனை பேர் பனையேறிகள், எத்தனை பேர் வியாபாரிகள்? வாதத்தின் பாதி பலம் இந்தக் கேள்வியின் பதிலில் இருக்கிறது.

இரண்டாவது படி கலப்படம். கருப்பட்டியின் பெரிய எதிரி சீனி. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சித்தான் கருப்பட்டி எடுக்கிறார்கள். ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்சினால்தான் 1 கிலோ கிடைக்கும். ஏறும் உழைப்பு, விறகு, நேரம் எல்லாம் அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கு. அதே அச்சில் சீனிப்பாகைக் கலந்து ஊற்றினால் செலவு மளமளவென்று குறையும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கலப்படக்காரர் விலையைக் குறைக்க முடியும், ஒழுங்காகக் காய்ச்சுகிறவரால் முடியாது.

குறியீடு இதைத் தடுக்குமா? இங்கேதான் பலர் இரண்டு சட்டத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். வேறு ஊர்ச் சரக்கை 'உடன்குடி' என்று பொய்ப் பெயர் போட்டு விற்றால் புவிசார் சட்டம் பாயும். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. ஆனால் கருப்பட்டியில் சீனி கலப்பது, அது எந்த ஊரில் நடந்தாலும், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை. அதற்கு மாதிரி எடுக்கணும், ஆய்வகத்துக்கு அனுப்பணும், வழக்குப் போடணும். குறியீட்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு சீனியைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது படி காசு போகும் பாதை. சீசனுக்கு முன்னாலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும் ஒரு பனையேறியை நினைத்துப் பாருங்க. சரக்கை அவருக்கே, பேசிய விலைக்கே கொடுக்கணும். சென்னைக் கடையில் கிலோவுக்கு 100 ரூபாய் கூடினாலும், விடிலியில் அது 10 ரூபாயாகக் கூட வந்து சேராமல் போகலாம். எண்கள் உதாரணத்துக்குச் சொன்னதுதான், பாதை உண்மையானது.

"ஆனா விலை ஏறியிருக்கே சார்!" என்று ஒருவர் குறுக்கே வருவார். ஏறியிருக்கலாம். குறியீட்டுக்குப் பிறகு ஏறியதா, குறியீட்டால் ஏறியதா? மழை தப்பி பதநீர் குறைந்தாலும் விலை ஏறும். ஏற ஆளில்லாமல் சரக்கு குறைந்தாலும் ஏறும். 'சீனிக்குப் பதில் கருப்பட்டி' என்று நகரத்தில் ஒரு அலை அடித்தாலும் ஏறும். குறியீடு வாங்காத வேறு ஊர்க் கருப்பட்டியின் விலையும் அதே அளவு ஏறியிருந்தால், உடன்குடியின் ஏற்றத்துக்குக் குறியீட்டைக் காரணம் காட்ட முடியாது. கம்பெனிகளின் விளம்பரத்தைப் படிக்கும்போதும் இதே ஒப்பீட்டைக் கேட்டுப் பழகலாம்: 'இதைச் செய்யாதவங்க நிலைமை என்ன?'

இதோடு ஒட்டிய இன்னொரு வாதம், 'பனையை வெட்டத் தடை, விதை விதைப்பு, ஆகவே பனைத் தொழில் பிழைக்கும்' என்பது. 2021-22 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் கன்றுகளும் தரப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்றும் சொன்னது. நல்ல முடிவுகள். ஆனால் தொழில் நலிவதற்குக் காரணம் மரம் குறைந்ததுதான் என்று இந்த வாதம் நம்புகிறது. தமிழ்நாட்டில் சுமார் 5 கோடி பனைகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தட்டுப்பாடு ஏறுகிற ஆளில் இருந்தால், இன்று ஊன்றும் விதை பாளை விடப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும்போது, அதில் யார் ஏறுவார்? பிள்ளை பனை ஏறக்கூடாது என்று நினைக்கும் அப்பாவை விதை மாற்றாது. விழுந்தால் கிடைக்கும் காப்பீடும், கூலியும், பாதுகாப்பாக ஏற ஒரு கருவியும் வேண்டுமானால் மாற்றலாம்.

கரண்ட் கட் வாதம்

கல்லாமொழி கடற்கரையில் எழும் உடன்குடி அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு, மொத்தம் 1,320 மெகாவாட். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இரண்டு அலகும் முழு மூச்சில் ஓடினாலும் அந்த உச்சத்தில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். சின்னதல்ல, ஆனால் 'கட்டே இருக்காது' என்று சொல்லும் அளவும் அல்ல.

இதைவிட முக்கியமான ஓட்டை வேறு. இங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மாநிலத் தொகுப்புக்குப் போகிறது, பக்கத்துத் தெருவுக்கு அல்ல. உங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதானாலோ, காற்றில் கம்பி அறுந்தாலோ, 1,320 மெகாவாட் இருந்தும் ஃபேன் நிற்கத்தான் செய்யும்.

இந்தத் திட்டத்தின் கதை நீளம். பெல் நிறுவனத்தோடு கூட்டு முயற்சியாகத் தொடங்கி, அது கைவிடப்பட்டு, டெண்டர் ரத்தாகி, கோர்ட் ஏறி, 2017 டிசம்பரில் பெல்லிடமே கட்டுமான ஒப்பந்தம் போனது. திட்டச் செலவு சுமார் 13,000 கோடி ரூபாய். 'இவ்வளவு செலவழிச்சாச்சு, அதனால முடிச்சே ஆகணும்' என்பார் ஒருவர். 'இவ்வளவு தாமதமாச்சு, அதனால வேஸ்ட்' என்பார் இன்னொருவர். இருவரும் போன பணத்தையே பார்க்கிறார்கள். மிச்சம் செலவழிக்க வேண்டியது எவ்வளவு, அதற்கு இனி கிடைக்கப்போகும் யூனிட் என்ன விலைக்கு வரும், நிலக்கரி எங்கிருந்து வரும், கடலில் வலை போடுகிறவர்களுக்கு என்ன நஷ்டம் என்பதுதான் முடிவுக்குப் பொருந்தும் கணக்கு.

சரியான முடிவு, தப்பான காரணம்

உடன்குடியில் இருந்து சில கிலோமீட்டரில் குலசேகரப்பட்டினம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். சுமார் 986 கோடி ரூபாய் திட்டம், எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட்டுக்கானது.

ஏன் குலசை? 'பூமத்திய ரேகைக்குப் பக்கம், அதனால எரிபொருள் மிச்சம்' என்று பலர் எழுதிவிட்டார்கள். எரிபொருள் மிச்சம் என்ற முடிவு சரி. சொன்ன காரணம் நிற்காது.

பூமத்திய ரேகையில் பூமி நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் அது சுமார் 452 மீட்டர், குலசையில் சுமார் 460. வித்தியாசம் 8 மீட்டர். சுற்றுப்பாதைக்குப் போக நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். 8 மீட்டர் என்பது கடலில் கரைத்த பெருங்காயம். அதுவும் கிழக்கே ஏவினால்தான் உதவும். குலசையில் இருந்து ஏவத் திட்டமிடுவது பெரும்பாலும் துருவச் சுற்றுப்பாதைக்கு, அதாவது தெற்கு நோக்கி.

உண்மைக் காரணம் இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேர் தெற்கே ஏவினால் பாதையில் இலங்கை குறுக்கிடும். அதன் மேல் பாகங்கள் விழக்கூடாது என்று ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், பிறகு வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் தண்டம். பெரிய ராக்கெட் தாங்கும். 500 கிலோ சுமக்கும் சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய அடி. குலசைக்குத் தெற்கே திறந்த கடல்.

காரணம் எதுவானால் என்ன, தளம் வருதே என்று கேட்கலாம். தப்பான காரணத்தை நம்பினால் அடுத்த கணக்கும் தப்பும். 'பூமத்திய ரேகைதான் காரணம்' என்றால், நாளைக்கு எல்லா பெரிய ராக்கெட்டும் இங்கேதான் வரும் என்று தோன்றும். அப்படி நினைத்து மனை வாங்குகிறவர் இருக்கார்.

வேலைவாய்ப்பு வாதத்துக்கும் இதே சோதனை. ஆண்டுக்கு 24 ராக்கெட் வரை ஏவலாம் என்பது தளத்தின் திறன். அத்தனை செயற்கைக்கோள் ஆர்டர் இருக்கா என்பது வேறு கேள்வி. எஸ்எஸ்எல்வி 2022 முதல் 2024 வரை மூன்று சோதனைப் பயணங்கள் போனது, முதலாவது தோற்றது. 2025 ஜூனில் அதைத் தயாரிக்கும் தொழில்நுட்ப உரிமையை எச்ஏஎல் 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. ராக்கெட்டை ஏவும் ஊரிலேயே அதைத் தயாரிக்கணும் என்று கட்டாயம் இல்லை. இஸ்ரோவின் நிரந்தரப் பணிக்கு நாடு முழுவதிலும் இருந்து போட்டி. கட்டுமான வேலை உள்ளூருக்கு வரும், கட்டி முடிந்ததும் முடியும். தமிழ்நாடு அரசின் 2025 விண்வெளித் தொழில் கொள்கை சொல்லும் 10,000 வேலைகள் ஐந்தாண்டுக்கு, மொத்த மாநிலத்துக்கு. பிளஸ் டூ முடித்த பையனை எந்த டிப்ளமோவில் சேர்ப்பது என்று யோசிக்கும் வீட்டுக்கு, 'எத்தனை வேலை' என்பதைவிட 'எந்தப் படிப்புக்கு, எந்த ஊரில், எத்தனை வருஷத்துக்கு' என்பதுதான் உதவும்.

கடைசியாகச் சுற்றுலா. 'தசராவுக்கு முத்தாரம்மன் கோயிலில் லட்சக்கணக்கில் கூடுறாங்க, ராக்கெட் பார்க்கவும் வருவாங்க, லாட்ஜ் கட்டினா காசு' என்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் 2019-ல் பார்வையாளர் அரங்கம் திறந்தார்கள், கூட்டம் வரத்தான் செய்கிறது. ஆனால் தசரா தேதி பஞ்சாங்கத்தில் அச்சாகி வருகிறது. ராக்கெட் தேதி வானிலை பார்த்தும், கோளாறு பார்த்தும் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போகும். ரூம் போட்டவர் கேன்சல் பண்ணுவார், பேங்க் தவணை கேன்சல் ஆகாது.