பெயர்ப்பலகை இருக்கட்டும், பிளம்பர் எங்கே?

மார்ச் மாதம் நெருங்கினால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திடீர் விருந்தாளிகள் வருகிறார்கள். நிதியாண்டு முடிவதற்குள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவழித்தாக வேண்டிய நிறுவனங்கள், அவற்றின் சார்பில் வேலை பார்க்கும் தொண்டு அமைப்புகள், கூடவே ஒரு புகைப்படக்காரர். வகுப்பறைச் சுவர் ரயில் பெட்டியாக மாறுகிறது. ஆர்.ஓ. இயந்திரம் வருகிறது, ஸ்மார்ட் போர்டு வருகிறது, புதுக் கழிப்பறை வருகிறது. ரிப்பன் வெட்டிப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தபின் கார்கள் கிளம்பிவிடுகின்றன. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில், விழா ஏற்பாட்டுக்கு ஒருவர் போனால் அன்றைய படிப்பில் பாதி போயிற்று என்று அர்த்தம். அதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கு நிறுவனங்கள் உதவுவதை நாம் எதிர்க்கவில்லை. உதவும் முறையைத்தான் எதிர்க்கிறோம். திறப்பு விழாவோடு முடியும் உதவியைப் பள்ளிக் கல்வித் துறை ஏற்கக் கூடாது. குறைந்தது மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கு எழுத்துமூலம் பொறுப்பேற்காத எந்த நிறுவனத்தின் பணமும் தொடக்கப் பள்ளிக்குள் வரவேண்டியதில்லை.

இது கடுமையான நிபந்தனை என்று நினைப்பவர்கள், இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்றைப் புரட்டிப் பார்க்கலாம். 2014 சுதந்திர தின உரையில் பள்ளிக் கழிப்பறைகள் கட்டித் தருமாறு நிறுவனங்களுக்குப் பிரதமர் அழைப்பு விடுத்தார். மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகளைக் கட்டியதாகக் கணக்குக் கொடுத்தன. செலவு 2,000 கோடி ரூபாயைத் தாண்டியது. தணிக்கைக் குழு 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தது. கட்டியதாகச் சொன்னவற்றில் சில அங்கே இல்லவே இல்லை, சில அரைகுறை. முழுதாகக் கட்டி முடித்தவற்றிலும் 72 சதவீதத்துக்கு உள்ளே தண்ணீர்க் குழாய் வசதி கிடையாது. 30 சதவீதம் பயன்பாட்டிலேயே இல்லை. நான்கில் மூன்று தினமும் சுத்தம் செய்யப்படாதவை. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை இது. தணிக்கைக்கு உட்பட்ட பொதுத்துறை நிறுவனங்களின் கதையே இப்படி. தனியார் நிறுவனங்கள் கட்டிய கழிப்பறைகளை இந்தத் தணிக்கையாளர் போய் எட்டிப் பார்ப்பதில்லை.

கட்டடம் கட்டுவது ஒரு முறைச் செலவு. குழாய் உடைந்தால் மாற்றுவது, தொட்டியை நிரப்புவது, ஆர்.ஓ. வடிகட்டியை மாற்றுவது, துப்புரவுப் பணியாளருக்குக் கூலி கொடுப்பது எல்லாம் மாதாமாதம் வருகிற செலவு. இதற்குப் பள்ளியிடம் என்ன இருக்கிறது? ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் விதிப்படி 30 குழந்தைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000 ரூபாய். சுண்ணாம்பு, விளக்குமாறு, பதிவேடுகள், சின்னச் சின்னப் பழுதுகள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இந்த நிலையில் லட்ச ரூபாய் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவது, கூரை வீட்டு வாசலில் யானையைக் கட்டிவிட்டுப் போவதற்குச் சமம். தீனி யார் போடுவது? பழுதான பொருளை எந்தப் பதிவேட்டிலிருந்து எப்படிக் கழிப்பது என்ற தலைவலியும் தலைமை ஆசிரியருக்குத்தான்.

'சட்டம் அப்படி, ஆண்டுக்குள் செலவழித்தாக வேண்டும், நாங்கள் என்ன செய்வது?' என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, செலவாகாத பணத்தை அரசு நிதிக்கு மாற்றிவிட வேண்டும். மார்ச் மாத அவசரத்துக்குக் காரணம் இதுதான். ஆனால் அதே திருத்தம் 'தொடர் திட்டம்' என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. தொடங்கிய ஆண்டு போக, மேலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பணியை நடத்தலாம். மீதிப் பணத்தை ஏப்ரல் 30க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்தால் போதும். ஆகவே சட்டம் வழியை அடைக்கவில்லை. நீண்ட வழியில் நடக்கத்தான் பல நிறுவனங்களுக்கு மனம் வருவதில்லை. மூன்றாம் ஆண்டில் வடிகட்டி மாற்றியதைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்!

விளம்பர ஆதாயத்துக்காக அளிக்கும் ஆதரவைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்டக் கூடாது என்றும் இந்தச் சட்டத்தின் கீழான விதிகள் சொல்கின்றன. வகுப்பறைச் சுவரில் பாரதி படத்தைவிடப் பெரிதாக நிறுவனச் சின்னத்தை வரைகிறவர்கள் இதை ஒருமுறை படிப்பது நல்லது. இரண்டு சதவீதம் சட்டம் விதித்த கடமை. கடமையைச் செய்தவருக்கு வெயிலில் வரிசையாக நின்று கை தட்ட வேண்டிய அவசியம் ஆறு வயதுப் பிள்ளைக்கு இல்லை.

என்ன தேவை என்பதை யார் சொல்வது என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்து உண்டு. கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வைத்திருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் அதை மூன்றாண்டுத் திட்டமாகவே வகுக்கச் சொல்கின்றன. நிறுவனத்தின் மூன்றாண்டும் பள்ளியின் மூன்றாண்டும் காகிதத்தில் இவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன. நடைமுறையில், நிறுவன அலுவலகத்தில் ஏற்கெனவே முடிவான பட்டியல்தான் பள்ளிக்கு வருகிறது. 22,931 தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை அமைக்கும் திட்டத்தை அரசே எடுத்துக்கொண்ட பிறகும் ஸ்மார்ட் போர்டு கொடுக்கத் துடிக்கிறவர்கள், சுற்றுச்சுவர் வேண்டும் என்று அம்மாக்கள் கேட்டால் தயங்குகிறார்கள்.

1950களின் பிற்பகுதியில் காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊருக்கு ஊர் பள்ளியின் தேவைகளை முதலில் பட்டியலிட்டார்கள். பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்து உள்ளூர் மக்கள் நாற்காலியும் கடிகாரமும் நிலமும் கொடுத்தார்கள். கொடுத்தவரின் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அதே பள்ளியில் படித்ததால், கடிகாரம் நின்றுபோனால் அவர் காதுக்குச் செய்தி போனது. இன்றைய கொடையாளர் வெகுதொலைவில் இருக்கிறார். அந்தத் தொலைவை ஒப்பந்தத்தால்தான் ஈடுகட்ட முடியும்.

தொலைவு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அது வரம். கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் ஆலை இல்லை, ஆகவே அங்குள்ள பள்ளியின் கதவைத் தட்ட ஆளும் இல்லை. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டத் தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' அறக்கட்டளைக்கு இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் வாய்ப்பு இருக்கிறது. கொடையாளர் விரும்பும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கட்டும். கூடவே, தரும் தொகையில் ஒரு பங்கு, யாரும் தேர்ந்தெடுக்காத மலைப் பள்ளிகளுக்கு என்று அறக்கட்டளை விதி செய்ய வேண்டும்.

'இல்லாததற்கு ஏதோ ஒன்று வருகிறதே, அதையும் கெடுக்கிறீர்களே' என்று ஆசிரியர்கள் சிலர் நம்மைக் கடிந்துகொள்ளக்கூடும். அவர்கள் ஆதங்கம் நியாயமானது. கையேந்தும் நிலையில் அவர்களை நிறுத்தியது அரசுகள்தான். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று காரணம் காட்டி, 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை ஒன்றிய அரசு நிறுத்தியது அநீதி. அதே நேரம் மாநில அரசும், ஆசிரியர் பணியிடம், துப்புரவுப் பணியாளர், குடிநீர் இவற்றை எந்த நிறுவனத்தின் தயவிலும் விடக் கூடாது. தனியார் பள்ளிகள் சங்கம் 500 அரசுப் பள்ளிகளுக்கு உதவ முன்வந்த செய்தி 2025 தொடக்கத்தில் எத்தனை சந்தேகங்களைக் கிளப்பியது, அமைச்சரே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது என்பதை அரசு மறந்திருக்காது. எது அரசின் வேலை, எது நன்கொடையாளரின் வேலை என்ற கோட்டை அரசே தெளிவாகப் போடாதவரை அந்தச் சந்தேகம் தீராது.

கல்வித் துறை இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிறுவன உதவி பெற்ற ஒவ்வொரு தொடக்கப் பள்ளியின் பெயரையும், பெற்ற பொருளையும், முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு முடிவில் அது இயங்குகிறதா இல்லையா என்பதையும் அறக்கட்டளையின் இணையதளத்தில் நிறுவனப் பெயரோடு வெளியிட வேண்டும். இயங்குகிறதா என்று எழுதிக் கையெழுத்திடும் அதிகாரம் மேலாண்மைக் குழுத் தலைவரான பெற்றோருக்கே இருக்க வேண்டும். 'இயங்கவில்லை' என்று இரண்டு முறை பதிவான நிறுவனத்துக்கு அடுத்த மார்ச்சில் எந்தப் பள்ளியின் கதவையும் திறக்க வேண்டாம்.