உம்மாவின் தொழில் என்ன?



அரசாங்கப் படிவங்களில் "தொழில்" என்று ஓர் இடம் இருக்கும். வயல் செய்கிற வீட்டில் கணவனுக்கு நேரே "விவசாயம்" என்றும் மனைவிக்கு நேரே "வீட்டுப் பணி" என்றும் எழுதிவிடுவார்கள். எழுதுகிறவரும் யோசிப்பதில்லை, சொல்கிறவளும் யோசிப்பதில்லை. அந்த ஒரு சொல்லால் ஒரு பெண் எதை எதை இழக்கிறாள் என்பதை என் உம்மாவின் சீவியத்தை வைத்தே இந்த மாதம் சொல்ல நினைக்கிறேன். அவருக்கு இப்போது 87 வயது. மதுரங்குளியில் என்னோடு இருக்கிறார்.

உம்மா பிறந்தது மன்னார் மாவட்டம் முசலிப் பகுதியில். 16 வயதில் கலியாணம். அகத்திமுறிப்புக் குளத்து நீர் பாயும் வயலுக்குப் பக்கத்தில் குடித்தனம். பிள்ளைகள் ஒன்பது பேர். எல்லாரும் மருத்துவிச்சியின் கையில் வீட்டிலேயே பிறந்தவர்கள். இரண்டு பேரை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது. உம்மாவின் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது எட்டிப் பார்க்காத வீடு அரிது.

ஏர் பிடித்தது வாப்பாதான். மற்ற வேலைகளை எண்ணிப் பாருங்கள். வித்து நெல்லைத் தெரிந்தெடுத்துக் கொம்பறையில் பூச்சி விழாமல் காத்தது யார்? விதைத்த பிறகு குருவி கலைத்தது யார்? இடுப்பில் ஒரு பிள்ளை, வரம்பில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டு களை பிடுங்கியது யார்? அரிவு வெட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு ஆக்கி, சூடு அடித்த நெல்லைச் சுளகில் புடைத்து, அவித்து, காயவைத்து, குத்தி அரிசியாக்கியது யார்? ஆடு, மாடு, கோழி எல்லாம் யார் பொறுப்பு? இவ்வளவும் செய்தவருடைய தொழில் "வீட்டுப் பணி"!

1990 ஒக்டோபர் கடைசியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் ஊரை விட்டோம். அது காலபோக விதைப்புக் காலம். வித்து நெல் கொம்பறையிலேயே கிடந்தது. எங்கள் வீட்டார் வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினோம். புத்தளத்துச் சகோதரிகள் பள்ளிக்கூடங்களையும் பள்ளிவாசல்களையும் தங்கள் வீட்டு முற்றங்களையும் திறந்து எங்களுக்கு இடம் தந்தார்கள். அந்த நன்றியை நாங்கள் மறக்கவில்லை.

பிறகு மதுரங்குளிப் பக்கம் கிடுகு வீடு. நிவாரண அட்டை வாப்பாவின் பெயரில் வந்தது. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாய்ப் பெறுமதியான உலர் உணவு என்று பல வருடங்களாக இருந்தது. அதற்குமேல் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் அதே அளவுதான். மிச்ச வயிறுகளுக்கு வழி தேடியது உம்மா. விடியற்காலை லொறியில் ஏறிக் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் களை பிடுங்கப் போவார். வேலை இல்லாத நாளில் தென்னந்தோட்டத்தில் ஓலை பொறுக்கிக் கிடுகு பின்னுவார். சொந்த வயலில் களை பிடுங்கியபோது கூலி இல்லை. மற்றவர் நிலத்தில் பிடுங்கியபோதுதான் முதன்முதலாக அந்த வேலைக்குக் காசு உண்டு என்று கண்டார். "அப்ப அம்பது வருசமா நான் செஞ்சதுக்கு எவ்வளவு வரும்?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு கேட்டார். எங்களால் கணக்குச் சொல்ல முடியவில்லை.

வாப்பா 2003இல் மௌத்தானார். 2009இல் யுத்தம் முடிந்தது. மிதிவெடி அகற்றிய பிறகு வயலைப் பார்க்கப் போனோம். இருபது வருடக் காடு. வரம்பும் இல்லை, வேலியும் இல்லை. மூத்த நானா சின்ன வயதிலேயே கடைத் தொழிலுக்குக் கொழும்பு போனவர். எல்லை அவருக்குத் தெரியாது. காட்டிக் கொடுத்தது உம்மாதான். வாய்க்கால் ஓடிய தடம், இரட்டைப் பாலை மரம், சூடு வைத்த மேட்டுக் களம் என்று ஒவ்வொன்றாகப் பொல்லால் தட்டிச் சொன்னார். பக்கத்து வயல்காரரும் வந்து "சரி" என்றார்.

ஆனால் கடதாசியில் உம்மா இல்லை. ஓர் அலுவலகத்தில் "உங்கட பேர் எங்கயும் இல்லையே" என்று சொல்லிவிட்டார்கள். அது பொய்யும் இல்லை. எங்கள் வயல் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணி. அனுமதிப்பத்திரம் வாப்பாவின் பெயரில். பின்னுரித்தாளர் என்ற இடத்தில் மூத்த நானாவின் பெயர். அந்தச் சட்டப்படி கணவன் இறந்தால் மனைவி தன் ஆயுள்வரை காணியை அனுபவிக்கலாம். ஆனால் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாத மனைவி அதை விற்கவோ, தனக்குப் பிறகு யாருக்கு என்று எழுதவோ முடியாது. கணவன் யாரையும் குறிக்காமல் இறந்திருந்தால், மனைவிக்குப் பிறகு மகன்மார் முதலில், மகள்மார் அதற்குப் பிறகு என்று சட்டத்தின் அட்டவணை வரிசைப்படுத்தியிருந்தது. பெண்கள் அமைப்புகள் நீண்ட காலம் குரல் கொடுத்த பிறகு, 2022இல்தான் இந்த ஆண் பெண் வேறுபாடு திருத்தப்பட்டது.

எங்கள் நானா நல்லவர். விளைச்சலை உம்மாவின் கையில்தான் கொடுக்கிறார். எல்லா வீட்டிலும் அப்படி நடப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மகன் நல்லவனாக இருந்தால் சோறு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையில் ஒரு தாயின் முதுமை இருக்கக் கூடாது. உழைத்தவளுக்கு அது உரிமையாக இருக்க வேண்டும்.

வன்னியிலும் கிழக்கிலும் உள்ள தமிழ்ச் சகோதரிகளுக்கு இதைவிடப் பெரிய சிக்கல். கணவன் காணாமற்போனவர் என்றால் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடம் தராது. அது இல்லாமல் காணி அலுவலும் நகராது. 2016இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, அவர் காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போடாமலே சில அலுவல்களைச் செய்ய அது உதவும்.

பெண்களுக்கெதிரான சகலவிதப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயத்தை ஐக்கிய நாடுகள் சபை 1979இல் நிறைவேற்றியது. இலங்கை 1981இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன் 14ஆவது உறுப்புரை கிராமப்புறப் பெண்களைப் பற்றியது. காசாகக் கணக்கிடப்படாத அவர்களுடைய வேலையும் குடும்பத்தைத் தாங்குகிறது என்று அதில் சொல்லியிருக்கிறது. ஒக்டோபர் 15ஐக் கிராமியப் பெண்கள் தினமாக 2007இல் அறிவித்தார்கள். 2026ஆம் ஆண்டைப் பெண் விவசாயிகளின் சர்வதேச ஆண்டு என்று 2024இல் அறிவித்தார்கள். உலகம் இதை எழுத்தில் வைத்துவிட்டது. நம் வீட்டுக் கடதாசிகளில் அதைக் கொண்டுவருவது நம் வேலை.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, வீட்டில் இருக்கும் காணிக் கடதாசியை எடுத்துப் பாருங்கள். அனுமதிப்பத்திரமா, அளிப்பா, உறுதியா? யார் பெயரில் இருக்கிறது? பின்னுரித்தாளர் யார்? கணவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே பேசுங்கள். பின்னுரித்து நியமனம் அவர் உயிரோடு இருக்கும்போதே பதிவாக வேண்டும். இறந்த பிறகு யாருடைய நல்ல மனமும் அதை மாற்றாது. விவரங்களைப் பிரதேச செயலகத்தில் காணி அலுவலரிடம் கேட்கலாம். தனியாகப் போகத் தயக்கம் என்றால் மாதர் சங்கத்தில் இருந்து இரண்டு பேராகப் போங்கள்.

இரண்டு, வீட்டில் வயதான தாய், மாமி, பாட்டி இருந்தால் ஒரு கொப்பி எடுத்து அவர் சொல்வதை எழுதுங்கள். வயலின் நான்கு எல்லை, அயல்காணிக்காரர் பெயர், குளம், வாய்க்கால், கிணறு, எந்த வருடம் காணிக் கச்சேரியில் கிடைத்தது என்று எல்லாவற்றையும். எழுதிய திகதியைப் போட்டு, அவர் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்குங்கள். கடதாசி எரிந்துபோன வீடுகளில் தேடலைத் தொடங்க அந்தக் கொப்பிதான் இருக்கும்.

மூன்று, அடுத்த முறை கிராம சேவகர் படிவம் கொண்டுவந்து "தொழில்?" என்று கேட்டால் வெட்கப்படாமல் "விவசாயம்" என்று சொல்லுங்கள். வாயால் சொன்னதோடு விடாமல், அவர் அப்படித்தான் எழுதினாரா என்று வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.