காற்றுக்கு முன் கூரையைக் கட்டுவோம்



2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தது. யாழ்ப்பாணத்திலும் பல வீடுகள் சேதமடைந்தன.

பலத்த காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும். தாழ்வார ஓரமும் முகடும்தான் முதலில் கழரும். ஓர் ஓடு போனால், அந்த இடைவெளியால் காற்றுப் புகுந்து பக்கத்து ஓடுகளையும் கிளப்பிவிடும்.

ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னரே ஓடாவியாரைக் கூப்பிடுங்கள். கறையான் அரித்த சலாகைகளை மாற்றுவியுங்கள். ஓரத்து ஓடுகளைத் துருப்பிடிக்காத கம்பியால் சலாகையோடு கட்டுவியுங்கள். முகட்டோட்டுச் சாந்து வெடித்திருந்தால் புதிதாகப் பூசுவியுங்கள். ஓலைக் கூரையானால் பழைய மீன்வலையை மேலே விரித்து, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டலாம்.

எங்கள் வீட்டில் வேலை முடிந்ததும் நானே ஏணியில் ஏறி, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்த பின்னரே கூலி கொடுத்தேன். ஆண் துணையில்லாத வீடென்றால் கேட்க ஆளில்லை என்று சிலர் அரைகுறையாக விட்டுப் போவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கையில் காசு குறைவென்றால் முழுக் கூரையையும் நினைத்து மலைக்க வேண்டாம். இந்த வருடம் ஓர வரிசைகளையும் முகட்டையும் மட்டுமாவது செய்து முடியுங்கள்.